திறந்த போட்டியும் திறவாத கதவும்

பெயரிலேயே ஒரு வாக்குறுதியைச் சுமந்து நிற்கும் விளையாட்டுப் போட்டிகள் சில உண்டு. கோல்ஃப் ஆட்டத்தின் பெரும் போட்டிகள் அவ்வகையைச் சேர்ந்தவை. பிரிட்டனில் நடைபெறும் போட்டிக்கு ‘ஓப்பன்’ என்றே பெயர். அமெரிக்காவில் நடைபெறுவது ‘யு.எஸ். ஓப்பன்’. நம் நாட்டில் 1964ஆம் ஆண்டு தொடங்கியது ‘இந்தியன் ஓப்பன்’. ஓப்பன் என்றால் திறந்தது என்று பொருள். ஆட்டத்தில் வல்லவர் எவராயினும் உள்ளே வரலாம் என்பது அப்பெயரின் உட்கிடை. அவ்வாறாயின் அந்தக் கதவு யாருக்குத் திறந்தது, எப்போது திறந்தது, எதுவரை திறந்தது? இக்கேள்விகளை முன்னிட்டு, இந்தியன் ஓப்பனின் வரலாற்றையும் அதற்கு மூலமான மரபுகளையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கோல்ஃப் பழக்கமில்லாதவர்களுக்காக ஆட்டத்தின் அடிப்படையை முதலில் கூறிவிடுகிறேன். பரந்த புல்வெளியில் 18 இடங்களில் சிறு குழிகள் வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு குழிக்கும் உரிய தொடக்க இடம் நூறு கஜத்துக்கு அப்பாலும் இருக்கலாம்; ஐந்நூறு கஜத்துக்கு அப்பாலும் இருக்கலாம். எலுமிச்சம்பழ அளவுள்ள பந்தை மட்டையால் அடித்துக் கொண்டுசென்று குழியில் விழச் செய்ய வேண்டும். மிகக் குறைந்த அடிகளில் எல்லாக் குழிகளையும் முடித்தவரே வென்றவர். பெரும் போட்டிகளில் நாளுக்கு ஒரு சுற்றாக நான்கு நாட்கள் ஆடுவர். இங்கே எதிராளி வந்து பந்தைத் தடுப்பதில்லை. காற்று, மணல், புல், தன் மனம் ஆகியவையே எதிரிகள்.

இவ்வாட்டத்தின் மரபுகளுள் என் மதிப்பைப் பெற்றது கணக்கு எழுதும் முறையாகும். ஒருவர் அடித்த அடிகளை உடன் ஆடுபவர் குறித்து வைப்பார். ஆடியவர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். விதிக்கு மாறாகப் பந்தை அசைத்துவிட்டால், வேறு எவரும் காணாவிட்டாலும், தானே முன்வந்து சொல்லித் தண்டனை அடியை ஏற்றுக்கொள்ள வேண்டும். மனச்சாட்சியையே நடுவராக அமர்த்திய ஆட்டம் என்று இதனைப் போற்றுவர். அந்தப் போற்றுதல் தகும். ஆயினும் அடிகளின் கணக்கில் இத்தனை நேர்மை காட்டிய ஆட்டம், மனிதர்களின் கணக்கில் எவ்வளவு நேர்மை காட்டியது என்பதை வரலாறு வேறுவிதமாகவே சொல்கிறது.

ஒரு வீரர் தம்முடன் 14 மட்டைகள் வரை கொண்டுசெல்லலாம். அந்தப் பையைச் சுமந்து உடன் செல்பவருக்குக் கேடி என்று பெயர். நம் ஊரில் கேடி என்றால் காவல் நிலைய ஏட்டில் பெயர் ஏறியவனையே குறிக்கும். கோல்ஃப் மைதானத்துக் கேடியோ ஏட்டில் எங்கும் பெயர் ஏறாதவர். எந்தத் தூரத்துக்கு எந்த மட்டை, காலைக் காற்று எந்தப் பக்கம் வீசும், குழியருகே புல்தரை எந்தப் பக்கம் சரிந்திருக்கும் என்பவற்றை நடந்து நடந்தே கற்றவர். அடிப்பவர் ஒருவர், அறிந்து சொல்பவர் மற்றொருவர். இந்த இரண்டாமவரைப் பற்றியதே என் பேச்சின் பெரும்பகுதி.

இனி மூலத்துக்குச் செல்வோம். 1859ஆம் ஆண்டு செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ஆலன் ராபர்ட்சன் என்பவர் காலமானார். பந்து செய்வதும் மட்டை விற்பதும் அவர் தொழில். அக்காலத்தில் அவருக்கு இணையான ஆட்டக்காரர் இல்லை என்பது ஊரார் கருத்து. அவருக்குப் பின் யார் என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை காண, 1860ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள பிரெஸ்ட்விக் என்னும் ஊரில் எட்டுப் பேர் கூடினர். அம்மைதானத்தில் அப்போது 12 குழிகளே இருந்தன. அதனை மும்முறை சுற்றி, ஒரே நாளில் 36 குழிகளை ஆடி முடித்தனர். வில்லி பார்க் 174 அடிகளில் முடித்து முதல்வரானார். அம்மைதானத்தைக் காத்து வந்த டாம் மாரிஸ் 176 அடிகள் எடுத்து இரண்டாமவரானார். பரிசு பணமன்று, வெள்ளி அணி பதித்த செந்நிறத் தோல் இடைக்கச்சை.

அந்த எண்மரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். தொழில்முறை என்ற சொல்லை இன்று கேட்கும்போது செல்வமும் புகழும் நினைவுக்கு வருகின்றன. அன்று அது அவ்வாறில்லை. புல்வெட்டுவது, பந்து செய்வது, மட்டை கடைவது, கனவான்களின் பையைச் சுமப்பது ஆகிய வேலைகளால் பிழைத்தவர்களே தொழில்முறை ஆட்டக்காரர்கள். கழக உறுப்பினர்களான கனவான்கள் ஊதியம் பெறாமல் இன்பத்துக்கென ஆடுபவர்கள், அமெச்சூர் எனப்பட்டவர்கள். முதல் ஆண்டுப் போட்டி தொழிலாளர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. மறு ஆண்டு, 1861இல், அது யாவருக்கும் உரியதென அறிவிக்கப்பட்டது.

இங்கே ஒரு நுட்பத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஓப்பன் என்று சொன்னவுடன், கனவான்கள் தம் கதவைத் தொழிலாளருக்குத் திறந்துவிட்டார்கள் என்றே நாம் எண்ணுகிறோம். நடந்தது அதற்கு நேர்மாறு. தொழிலாளர்களின் போட்டிக்குள் கனவான்களும் நுழையலாம் என்பதே அந்தத் திறப்பு. கழகத்தின் மாளிகைக் கதவு அன்று திறக்கப்படவில்லை. வென்றவர் பெயர் கோப்பையில் பொறிக்கப்படும். வென்றவர் கால் மாளிகைக்குள் படக்கூடாது. இந்த நிலையே பல்லாண்டுகள் நீடித்தது.

மேற்கூறிய டாம் மாரிஸின் மகனுக்கும் டாம் என்றே பெயர். அவ்விளைஞர் 1868, 1869, 1870 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து வென்றார். மூன்று முறை தொடர்ந்து வென்றவருக்கே இடைக்கச்சை சொந்தம் என்பது விதியாதலால், அதனை அவர் வீட்டுக்கே எடுத்துச் சென்றார். கொடுக்கப் பரிசில்லாமல் 1871ஆம் ஆண்டு போட்டியே நடைபெறவில்லை. 1872இல் மூன்று கழகங்கள் கூடிப் பொருள் திரட்டி, திராட்சைமது ஊற்றும் கூசாவின் வடிவில் வெள்ளிக் கோப்பை ஒன்றைச் செய்வித்தன. அவ்வாண்டும் வென்றவர் அதே இளைஞர். கோப்பையில் பொறிக்கப்பட்ட முதற்பெயர் அவருடையது. 1875இல், தம் 24ஆம் வயதில், அவர் மறைந்தார். அந்தக் கோப்பையின் வரலாறு, மைதானக் காவலர் ஒருவரின் மகனிடமிருந்து தொடங்குகிறது.

மாளிகைக் கதவு திறந்த கதை அமெரிக்காவைச் சார்ந்தது. வால்டர் ஹேகன் என்னும் அமெரிக்க வீரர் 1920ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டீல் நகரில் நடந்த ஓப்பன் போட்டிக்குச் சென்றார். தொழில்முறை ஆட்டக்காரருக்கு உடைமாற்றும் அறையில் இடமில்லை என்றார்கள். அவர் வாதாடவில்லை. பெரிய மோட்டார் வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, கழக மாளிகையின் எதிரிலேயே நிறுத்தி, அதற்குள் உடைமாற்றிக்கொண்டார். அதே ஆண்டு அமெரிக்காவின் டொலிடோ நகரில் நடந்த யு.எஸ். ஓப்பன் போட்டியின்போது, இன்வர்னஸ் கழகத்தார் தம் மாளிகையைத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் திறந்துவிட்டனர். ஆட்டக்காரர்கள் நன்றியறிதலாகத் தம்முள் பணம் திரட்டி, ஆளுயரக் கடிகாரம் ஒன்றை அக்கழகத்துக்கு அளித்தனர். கோப்பைகள் பல இருக்க, அந்தக் கடிகாரத்தையே கோல்ஃப் வரலாற்றின் பெரும் பரிசாக நான் கருதுகிறேன்.

தமிழ்நாட்டாருக்கு இச்செய்தி புதியதன்று. கோயில் வாசலிலும் ஊர்வலத்திலும் நின்றபடியே வாசித்துவந்த நாகசுர வித்துவான்கள், மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமையை நிலைநாட்டியவர் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை. வித்தையைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் வித்துவானுக்கு இருக்கை தரத் தயங்கிய காலம் நம்மிடையேயும் இருந்தது. கலைக்குக் கதவு திறந்தும் கலைஞனுக்குக் கதவு மூடியும் இருக்கும் வழக்கம் எந்த ஒரு நாட்டுக்கும் தனிச்சொத்தன்று.

உரிமை பெற்றவர்கள் அடுத்தவருக்கு அதனை மறுப்பதும் வரலாற்றில் நிகழ்வதே. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் தம் மதிப்பை உயர்த்திக்கொள்ள 1916இல் சங்கம் ஒன்றை அமைத்தனர். பி.ஜி.ஏ. என்பது அதன் பெயர். பெருவணிகரான ராட்மன் வானமேக்கர் என்பவர் அளித்த கோப்பைக்காக அவ்வாண்டே பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் தொடங்கியது, ஜிம் பார்ன்ஸ் என்பவர் முதல் வெற்றி பெற்றார். 1957 வரை அது இருவர் இருவராக மோதும் முறையில் நடந்தது. 1958 முதல் எல்லோருடைய அடிகளையும் எண்ணும் முறைக்கு மாறியது. கோல்ஃப் உலகின் நான்கு பெரும் போட்டிகளுள் இது ஒன்று. ஆனால், வெள்ளையர் அல்லாதார் உறுப்பினராகக் கூடாது என்ற விதியும் அச்சங்கத்தின் சட்டத்தில் இடம்பெற்றிருந்தது. 1961ஆம் ஆண்டில்தான் அது நீக்கப்பட்டது. தாம் நுழைந்த கதவைத் தமக்குப் பின் தாழிட்டுக்கொண்டவர்களின் கதை இது.

இவ்விடத்தில் நான் வசிக்கும் பெசன்ட் நகரின் கடலை நினைக்காமல் இருக்க இயலவில்லை. பிரெஸ்ட்விக்கில் எண்மர் கூடிய அதே 1860ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், எங்கள் கடற்கரைக்குச் சில மைல் வடக்கே சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ என்னும் கப்பல் புறப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற்கப்பல் அது. நவம்பர் 16ஆம் நாள் டர்பன் நகரை அது அடைந்தது. வில்லி பார்க் இடைக்கச்சையை வென்ற நாளில், தமிழ் பேசும் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் இந்தியப் பெருங்கடலில் மிதந்துகொண்டிருந்தார்கள். ஓப்பன் போட்டிக்கும் அந்தக் கப்பலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு வெளிப்பட ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

அவ்வாறு சென்ற இந்தியக் கூலிகளின் வழியில் வந்த ஒருவர் டர்பன் நகரில் கேடியாக வேலை பார்த்தார். சியூசங்கர் சியூகோலம் என்பது அவர் பெயர். ‘பாப்வா’ என்றே உலகம் அவரை அழைத்தது. பள்ளியில் கற்காதவர், ஆட்டத்தையும் எவரிடமும் கற்காதவர். வலக்கை ஆட்டக்காரர் மட்டையைப் பற்றும்போது இடக்கை மேலும் வலக்கை கீழும் இருப்பது வழக்கம். பாப்வா அதனைத் தலைகீழாகப் பற்றினார். கற்றவர்கள் நகைத்தனர். அவருடைய திறமையைக் கண்டறிந்து ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்ல ஒருவர் முன்வந்தார். 1959இல் டச்சு ஓப்பன் போட்டியில் பாப்வா வென்றார். 1960இலும் 1964இலும் மீண்டும் வென்றார்.

தாய்நாட்டில் அவருக்குக் கிடைத்தது வேறு. 1963ஆம் ஆண்டு டர்பன் நகரில் நேட்டால் ஓப்பன் போட்டியில் வெள்ளையர்களை வென்று அவர் முதல்வரானார். பரிசளிப்பின்போது மழை பெய்தது. தோற்ற வெள்ளையர்கள் மாளிகைக்குள் நின்றனர். வென்ற பாப்வா இந்தியர் என்பதால் உள்ளே செல்லச் சட்டம் இடம்தரவில்லை. மழையில் வெளியே நின்று கோப்பையைப் பெற்றுக்கொண்டார். அந்தப் புகைப்படம் உலகெங்கும் பரவியது. 1965இல் அதே போட்டியில், உலகப் புகழ்பெற்ற கேரி பிளேயரையும் அவர் வென்றார். அதன்பின் வெள்ளையர் போட்டிகளில் ஆட அவருக்குத் தடை விழுந்தது. வெளிநாடு செல்ல வேண்டிய பாஸ்போர்ட்டும் பறிக்கப்பட்டது. 1978இல் வறுமையில் அவர் இறந்தார். துரோணர் ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டு வாங்கினார் என்பது புராணம். பாப்வாவிடம் கேட்கவே இல்லை. எடுத்துக்கொண்டார்கள் என்பது வரலாறு.

போட்டியின் பெயர் என்னவோ நேட்டால் ஓப்பன். திறந்த போட்டியும் திறவாத கதவும் ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே புகைப்படத்தில் நின்றதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

இதே கூலிக் கப்பல்கள் ஃபிஜித் தீவுகளுக்கும் சென்றன. அங்குள்ள இந்திய வம்சாவளியில் பிறந்த விஜய் சிங், 1998இலும் 2004இலும் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை வென்றார். வெள்ளையர் அல்லாதார் உறுப்பினராகவும் கூடாது என்ற விதி நீங்கி 37 ஆண்டுகள் சென்றபின், அச்சங்கத்தின் கோப்பை ஒரு கூலிப் பரம்பரையின் வழித்தோன்றல் கையில் ஏறியது. கதவு திறந்த பின் என்ன நேரும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பிரிட்டன் தீவுகளுக்கு வெளியே முதன்முதல் தோன்றிய கோல்ஃப் கழகம் கல்கத்தாவில் 1829இல் அமைந்தது. பிரெஸ்ட்விக் போட்டிக்கு 31 ஆண்டுகள் முந்தியது அது. 1892 முதல் இந்திய அமெச்சூர் சாம்பியன்ஷிப் நடைபெறலாயிற்று. அது கனவான்களின் போட்டி. நம் சென்னையிலும் 1884இல் தோன்றிய ஜிம்கானா கழகத்தார் கிண்டிக் குதிரைப் பந்தய மைதானத்தின் நடுவே கோல்ஃப் ஆடி வந்தனர். வெள்ளையர் கழகங்கள் பலவற்றில் இந்தியர் உறுப்பினராக இயலாத காலம் அது. இந்தியரும் ஐரோப்பியரும் ஒன்றுகூட வேண்டும் என்ற நோக்கில் 1873இல் தோன்றிய காஸ்மாபாலிடன் கழகம், பிற்காலத்தில் அடையாற்றங்கரையில் நந்தனத்தை ஒட்டித் தனக்கென ஒரு மைதானம் அமைத்துக்கொண்டது. இவ்வாறு சென்னையில் உறுப்பினர் என்ற நிலையில் ஒரு கதவு திறந்தது. பை சுமப்பவரின் கதவோ இரு மைதானங்களிலும் தனியே இருந்தது.

1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய வீரர் பீட்டர் தாம்சன், தம் நாட்டுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே செல்லும் வழியில் இந்தியாவில் இறங்கித் தங்குவது வழக்கம். பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை ஐந்து முறை வென்ற பெருவீரர் அவர். இந்தியாவில் நல்ல மைதானங்களும் ஆர்வமும் இருக்க, அனைவரும் ஆடும் போட்டி இல்லையே என்று அவர் கருதினார். அவரது ஊக்கத்தால் 1964இல் டெல்லி கோல்ஃப் கழகத்தில் முதல் இந்தியன் ஓப்பன் நடந்தது. அவரே வென்றார், 1966இலும் 1976இலும் மீண்டும் வென்றார். பழைய கல்லறைக் கட்டடங்களும் மயில்களும் நிறைந்த அந்த டெல்லி மைதானம் இப்போட்டிக்குப் பல முறை இடமளித்தது.

1965ஆம் ஆண்டு கல்கத்தாவில் நடந்த இரண்டாம் போட்டியில் பி. ஜி. சேத்தி என்னும் இந்தியர் வென்றார். அவர் அமெச்சூர். தொழில்முறை ஆட்டக்காரர்களை முறியடித்த அவ்வெற்றி நாட்டுக்குப் பெருமை தந்தது. அதன்பின் 26 ஆண்டுகள் எந்த இந்தியரும் வெல்லவில்லை. ஜப்பானியர், பிலிப்பினோக்கள், சீனர், ஆஸ்திரேலியர், அமெரிக்கர் எனப் பலர் வந்து கோப்பையை எடுத்துச் சென்றனர். பின்னாளில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பையும் யு.எஸ். ஓப்பனையும் வென்ற பெய்ன் ஸ்டூவர்ட், தம் இளமையில், 1981ஆம் ஆண்டு, இந்தியன் ஓப்பனை வென்றவரே.

இந்த நீண்ட இடைவெளிக்குக் காரணம் என்ன? இந்தியாவில் ஆட்டத்தின் வசதி ஓரிடத்திலும் ஆட்டத்தின் தேவை மற்றோரிடத்திலும் இருந்தன என்பதே என் கருத்து. கழக உறுப்பினருக்கு மைதானமும் மட்டையும் இருந்தன; ஆனால் பிழைப்புக்கு வேறு தொழில் இருந்தது. கேடிக்கு இந்த ஆட்டமே பிழைப்பு. ஆனால் ஆடுவதற்கு மைதானம் இல்லை. உறுப்பினர்கள் ஆடாத நாளில், அதுவும் அனுமதி கிடைத்தால், பிறர் கழித்த மட்டையைக் கொண்டு ஆடிப் பழகியவர்களே பெரும்பாலோர். மட்டையும் கிடைக்காத சிறுவர்கள் மரக்கிளையை வெட்டிச் செதுக்கி ஆடினார்கள். பிறர் அடிப்பதை ஆயிரம் முறை பார்த்து, எது பிழை, எது செம்மை என்று மனத்தில் பதித்துக்கொண்டார்கள். ஊதியத்துக்குச் சுமந்த பையே அவர்களுக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

அப்பள்ளியின் மாணவர் ஒருவர் 1991ஆம் ஆண்டு வென்றார். அலி ஷேர் என்பது அவர் பெயர். டெல்லி மைதானத்தில் கேடியாக இருந்து ஆட்டம் கற்றவர். இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவரே. போட்டி தொடங்கி 27 ஆண்டுகள் கழிந்தபின்பே, பை சுமந்த தோளுக்குக் கோப்பை கிடைத்தது. அவ்வாண்டு அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. ஒரு முறை கிடைத்த வெற்றி அதிர்ஷ்டம் என்று சொல்வோர் உண்டல்லவா? 1993இல் அவர் மீண்டும் வென்று அவர்களுக்கு மறுமொழி கூறினார்.

அணை உடைந்தாற்போல் அதன்பின் இந்திய வெற்றிகள் தொடர்ந்தன. 1998இல் கல்கத்தாவின் ஃபெரோஸ் அலி, 1999இல் அர்ஜுன் அத்வால், 2000இல் ஜோதி ரந்தாவா, 2002இல் லக்னோவின் விஜய் குமார் ஆகியோர் வென்றனர். ரந்தாவா 2006இலும் 2007இலும் மீண்டும் வாகை சூடினார். 2009இல், பெங்களூரில் பை சுமந்து ஆட்டம் கற்ற சி. முனியப்பா, கொரிய வீரர் ஒருவருடன் சமநிலையில் முடித்துக் கூடுதல் ஆட்டத்தில் வென்றார். 2013இல் வென்ற சித்திகுர் ரகுமான், டாக்கா மைதானத்தில் பந்து பொறுக்கும் சிறுவனாக வாழ்வைத் தொடங்கிய வங்கதேசத்தவர். இந்தப் பட்டியலில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மைதானத்து ஊழியரின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஓப்பன் என்ற பெயர் தன் பொருளை முழுமையாகப் பெற்ற காலம் இதுவே.

இவர்களுள் எஸ். எஸ். பி. சௌராசியாவின் வரலாறு தனியே சொல்லத் தக்கது. அவருடைய தந்தையார் கல்கத்தா மைதானத்தில் புல்தரையைப் பேணிய ஊழியர். மகன் அம்மைதானத்திலேயே வளர்ந்து, பை சுமந்து, பார்த்துப் பார்த்துக் கற்றார். இந்தியன் ஓப்பனில் நான்கு முறை இரண்டாம் இடத்தில் நின்றார். முதல் முறை 1999இல். நான்காம் முறை 2015இல். பதினாறு ஆண்டுகள் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் வந்து வந்து விலகியது. 2016இல் டெல்லியில் அதனை வென்றார். மறு ஆண்டு குருகிராமில், அடுத்தவரைவிட ஏழு அடிகள் குறைவாக எடுத்து, மீண்டும் வென்றார். பிரெஸ்ட்விக் மைதானக் காவலரின் மகன் வெள்ளிக் கோப்பையில் முதற்பெயராகப் பொறிக்கப்பட்டதற்கும், கல்கத்தா மைதான ஊழியரின் மகன் இந்தியக் கோப்பையை ஏந்தியதற்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கிடக்கிறது. அந்த இடைவெளியைத் தாண்டி ஒரே குடும்பத்து உறவினர்போல் அவர்கள் எனக்குத் தோன்றுகிறார்கள்.

அந்தக் குருகிராம் மைதானத்தின் வடிவமைப்பாளர் யார் தெரியுமா? 1965இல் பாப்வாவிடம் தோற்ற அதே கேரி பிளேயர். டர்பன் நகரில் ஓர் இந்தியர் உள்ளே வரக்கூடாது என்ற நாட்டைச் சேர்ந்தவர் அமைத்த மைதானத்தில், இந்தியக் கேடி ஒருவர் தலைநிமிர்ந்து பரிசு பெற்றார். காலம் சில வேளைகளில் கணக்கை இவ்வாறுதான் தீர்க்கிறது.

இத்துடன் நிறுத்தினால் இனிய முடிவாகும். ஆனால் உண்மை அத்துடன் நிற்கவில்லை. பரிசுத்தொகை உயர உயர, பயிற்சியின் செலவும் உயர்ந்தது. மட்டைகள், பயிற்சியாளர், வெளிநாட்டுப் பயணம் என ஒவ்வொன்றும் பெரும்பொருள் வேண்டுவது. பை சுமப்பதற்குச் சக்கர வண்டிகள் வந்துவிட்டன. சுமக்கும் வேலை குறைவது நல்லதே. எந்தச் சிறுவனும் பிழைப்புக்காகப் பை சுமக்க வேண்டிய நிலை வரக்கூடாது. ஆயினும் அந்த வேலை ஒரு வழியாகவும் இருந்தது. பழைய வழி அடைபடும்போது அதற்கு ஈடாக வேறு வழி திறக்காவிட்டால், அடுத்த சௌராசியா எவ்வழியே வருவார்?

எங்கள் பெசன்ட் நகருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிண்டியில் இக்கேள்வி வேறொரு வடிவில் எழுந்தது. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு பந்தயக் கழகத்தின் குத்தகையை நீக்கி, 160 ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொண்டது. வெள்ளநீர் தங்கக் குளங்களும் மக்கள் உலாவப் பூங்காவும் வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. கோல்ஃப் ஆடிவந்தோர் தம் வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றனர். வழக்கின் நியாயங்களை எடைபோடுவது என் வேலையன்று. ஆனால் ஆட்டமும் பொதுமக்களும் ஒன்றுக்கொன்று பகை என்று இரு தரப்பாரும் கருதிவிடக் கூடாது என்பதற்காக ஒரு செய்தியை நினைவூட்டுகிறேன்.

கோல்ஃப் ஆட்டத்தின் தாயகம் எனப்படும் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானம் எந்தக் கழகத்துக்கும் சொந்தமன்று. அது ஊர்ப் பொதுநிலம். 1894ஆம் ஆண்டு பாராளுமன்றச் சட்டம் ஒன்று அதன் நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தியது. உலகப் போட்டிகள் நடைபெறும் அந்தப் பழைய மைதானத்தில், வழக்கமான ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் இல்லை. அன்று ஊர்மக்கள் பிள்ளைகளுடனும் நாய்களுடனும் அப்புல்வெளியில் உலாவுகிறார்கள். பெருவீரர்கள் மூச்சையடக்கிப் பந்தை உருட்டிய இடத்தைச் சுற்றி வெயிலில் நடக்கிறார்கள். நாம் அயல்நாட்டாரிடமிருந்து ஆட்டத்தைக் கற்றோம், விதிகளைக் கற்றோம், உடையைக் கற்றோம், மாளிகை கட்டவும் கற்றோம். நிலத்தைப் பொதுவில் வைத்த அந்தப் பண்பை மட்டும் கற்காமல் விட்டுவிட்டோம்.

ஒரு போட்டியின் மரபு என்றால் கோப்பையும் கொடியும் சடங்கும் என்று எண்ணுகிறோம். அவை அணிகள். இந்தியன் ஓப்பனின் உயிரான மரபு, ஆடத் தெரிந்தவரைப் பிறப்பும் பணமும் கேளாமல் உள்ளே விடுவது. அது தானாக வந்த மரபன்று. மோட்டார் வண்டியில் உடைமாற்றிய ஹேகனும், மழையில் நின்ற பாப்வாவும், 27 ஆண்டுக் காத்திருப்பை முடித்த அலி ஷேரும், நான்கு முறை தோற்றும் விலகாத சௌராசியாவும் சேர்ந்து உண்டாக்கியது.

எங்கள் கடற்கரை மணலில் மாலைதோறும் சிறுவர்கள் ஆடுகிறார்கள். மீனவக் குப்பத்துப் பிள்ளையும் மாடிவீட்டுப் பிள்ளையும் ஒரே பந்தைத் துரத்துகிறார்கள். மணலுக்குக் கதவில்லை. புல்வெளிக்குக் கதவு உண்டு, அது இருக்கட்டும். அதன் சாவி எவர் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. மட்டையைப் பிடிக்கத் தெரிந்த ஏழைச் சிறுவன் ஒருவன் வந்து தட்டும்போது, கேட்காததுபோல் உள்ளே அமர்ந்திருக்கும் கழகம் தன் போட்டிக்கு ஓப்பன் என்று பெயர் சூட்டிக்கொள்ள உரிமையற்றது. எவரும் காணாமல் பந்தை அசைத்தாலும் ஒப்புக்கொள்ளும் நேர்மை இந்த ஆட்டத்தின் பெருமை என்றேன். அந்த நேர்மை, அடிகளை எண்ணும் தாளில் மட்டுமன்றி, வாசற்கதவிலும் விளங்க வேண்டும்.